ஒரே எண்ணில் இரண்டு ஊர்கள்

ஒரே வேலையை அடியிலிருந்து திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்து நெஞ்சை நிமிர்த்தியது உண்டா இல்லையா நீங்கள்? உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. செக்கு மாட்டுக்கு மாலை போட்டுக் கும்பிடுகிற நாடு இது. மாடு ஏன் சுற்ற வேண்டும் என்று ஒருவர் கேட்டால், கேட்டவரைத்தான் சோம்பேறி என்போம்.

உலகம்மாளையும் அப்படித்தான் சொன்னார்கள்.

தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்த குடும்பம் அவளுடையது. கரமனையில் ஆற்றை ஒட்டி இரண்டு அறை வாடகை வீடு. பள்ளிக்கூடம் மலையாளத்தில், வீடு தமிழில், கல்லூரி இங்கிலீஷில். "மூணு பாஷையிலயும் சண்டை போடத் தெரியும், ஒண்ணுலயும் கெஞ்சத் தெரியாது" என்பாள். தம்பி பிரவின்ராஜ் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் அடிக்கிறவன், கான்கிரீட் ஊற்றுவதற்குத் தகடு கட்டுவது அவன் வேலை. அக்காள் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர், தொழிலாளர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் ஓர் அறக்கட்டளை. மாவட்டமெங்கும் அதற்குப் பதிவு மையங்கள். கூலியாட்கள் அங்கே போய்ப் பெயரைப் பதிந்து மருத்துவ அட்டை வாங்குவார்கள், வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அட்டையைக் காட்டினால், அங்கே இருப்பவர் மையக் கணினியில் பார்த்து, உயிருள்ள அட்டைதானா என்று சொல்வார்.

சொல்லும்போது எளிது. ஆனால் ஒவ்வொரு மையமும் ஒரு தனி ராஜ்யம். பாலராமபுரத்தில் எக்செல் கோப்பு. நெடுமங்காட்டில் யாரோ ஒருவரின் மருமகன் சும்மா எழுதிக்கொடுத்த மென்பொருள். பாறசாலையில் வெறும் எழுத்துக் கோப்பு, பெயருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கமா, சில நாள் அதுவும் இருக்காது. இந்தக் கதம்பத்தையெல்லாம் விடியற்காலையில் எடுத்து, துடைத்து, ஒரே அளவாக வெட்டி, மையக் கணினியில் கொண்டுபோய் அடுக்குகிற நிரலுக்குப் பேக்கேஜ் என்று பெயர். மையத்துக்கு ஒன்று.

உலகம்மாள் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு பேக்கேஜையும் ஒவ்வொருவர் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு மூன்று வாரம் ஆகும். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாது. ஒருவர் பிழையான வரிகளை ஒதுக்கி வைப்பார், இன்னொருவர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார். புது பேக்கேஜ் ஓடத் தொடங்கும் நாளில் திட்ட மேலாளர் பிஜு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஆபீசுக்கு வருவார். நெற்றியில் சந்தனம் இருந்தால் அன்றைக்குப் புது பேக்கேஜ் ஓடுகிறது என்று அர்த்தம்.

"பிஜுச்சேட்டா, தேங்காய் உடைஞ்சா எர்ரர் உடையுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உடையாது உலகம்மே. பட்சே, உடைக்காம விட்டு எர்ரர் வந்தா, எல்லாரும் என்னைத்தானே சொல்வாங்க?"

அந்தப் பதிலில் அவர் அறியாமலே ஓர் உண்மை இருந்தது. தேங்காய் வேலை நடப்பதற்காக உடைபடவில்லை, பழி வராமல் இருப்பதற்காக உடைபட்டது.

உலகம்மாள் ஒரு வாரம் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். கோப்பைத் திறப்பது, தொடங்கிய நேரத்தைப் பதிவது, கெட்ட வரிகளை ஒதுக்குவது, முடிந்ததா முறிந்ததா என்று குறிப்பது, எல்லாவற்றிலும் ஒன்றேதான். நடுவில் ஒரு சிறு பகுதி மட்டும்தான் மையத்துக்கு மையம் வேறு. அந்தச் சிறு பகுதிக்காக முழு வீட்டையும் மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு மாதிரி பேக்கேஜ் செய்தாள். பொதுவான எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும், நடுவில் மட்டும் காலியிடம். புது மையம் வந்தால் மாதிரியைப் பிரதியெடுத்து, அந்தக் காலியிடத்தை நிரப்பினால் போதும். ஆபீசில் அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். அவள் அச்சு என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது பிரவின்ராஜ் சிரித்தான். "யக்கா, இதைத்தானே நாங்க வருஷக்கணக்கா பண்ணுதோம்? ஒரு வீட்டுக்கு அடிச்ச தகட்டைக் கழட்டி அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம். நீ என்ன புதுசாக் கண்டுபிடிச்சே?"

"ஏல, நீ தூக்கிட்டுப் போற தகட்டை நான் ஒரு விரலால தூக்குதேன்ல. அதான் புதுசு."

"அதுக்கு ஏசி வேற."

ஆபீசில் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "மூணு வாரத்து வேலையை ரெண்டு நாள்ல முடிச்சா, வேலையே லேசுன்னு வாடிக்கையாளர் நினைப்பாங்க அல்லே?" என்று பிஜு தலையைச் சொறிந்தார். வேறு சிலர் வெளிப்படையாகவே சோம்பேறி வித்தை என்றார்கள். ஆனால் கைக்குழந்தைக்காரி ஆர்ஷா அந்த அச்சை வைத்து நெடுமங்காட்டு வேலையை முடித்துவிட்டு, வெயில் இருக்கும்போதே பஸ் ஏறிய அன்று கேலி நின்றது. கொஞ்ச நாளில் எல்லோரும் அதே அச்சில் வார்க்கத் தொடங்கினார்கள். எல்லாப் பேக்கேஜும் ஒரே முகமாக இருந்ததால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடிந்தது. சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். மையங்களின் பெயர் வரிசையாக இருக்கும். விடியற்காலை ஓட்டம் நல்லபடி முடிந்திருந்தால் பச்சை, முறிந்திருந்தால் சிவப்பு.

அச்சு வேலைக்கென்றே தனிக் குழு அமைத்து, அதற்கு உலகம்மாளைத் தலைவியாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பிஜுவே வந்து கையைக் குலுக்கினார்.

அந்த வாரக் கடைசியில்தான் பிரவின்ராஜ் சரசம்மாவைக் கரமனை வீட்டுக்கு அழைத்து வந்தான்.

சரசம்மா அவனோடு வேலை பார்க்கும் சித்தாள். பிறந்தது, வாழ்வது, ஓட்டுப் போடுவது எல்லாம் பாறசாலை. கண்ணில் புரை. ஒரு மாதத்துக்கு முன்னால் கான்கிரீட் சட்டியோடு சாரத்தில் ஏறும்போது, பலகை முடிந்த இடம் தெரியாமல் காலை வைத்துவிட்டாள். பின்னால் வந்த பிரவின்ராஜ் முந்தானையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும். கண்ணைச் சரிசெய்துவிட்டு வா என்று மேஸ்திரி அனுப்பிவிட்டார். அறக்கட்டளை நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கண் முகாம் நடத்துகிறது. வெளியூரிலிருந்து மருத்துவர் வருகிறார். வருகிற புதன்கிழமை. அதை விட்டால் மழைக்காலம் கழிந்துதான் மறுபடி.

"போனேன் மக்களே, பேரு குடுக்க. அங்க இருந்தவன் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, அட்டை செத்துப் போச்சுன்னு சொல்லுதான். நான் புதுக்கி ரெண்டு மாசம் ஆவுது. இந்தா சீட்டு, இந்தா சீலு. காட்டினேன். சீட்டெல்லாம் இங்க செல்லாது, கம்ப்யூட்டர் சொன்னாத்தான் செல்லும்னான்."

"வேற என்ன சொன்னான்?"

சரசம்மா சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிரவின்ராஜ்தான் சொன்னான். "‘உங்க பாண்டிக்காரங்களுக்கு இதே ஜோலி, நேரத்துக்குப் புதுக்க மாட்டீங்க, அப்புறம் வந்து அழுவீங்க’ன்னானாம்."

பாண்டி என்பது அங்கே தமிழருக்கு வைத்த இளக்காரப் பெயர். இந்த வாசகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். அந்தப் பெண் பிறந்த மண்ணிலேயே அவளை வெளியூர்க்காரி ஆக்கியாயிற்று. கையில் முத்திரையிட்ட சீட்டு இருந்தும் பொய்க்காரி ஆக்கியாயிற்று. எதை நம்பி? ஒரு கண்ணாடித் திரையை நம்பி. முன்பெல்லாம் சாமி வந்தவர் சொன்னதற்கு மறுபேச்சுக் கிடையாது. இப்போது அந்தப் பீடத்தில் கணினியை உட்கார வைத்திருக்கிறோம்.

"சேச்சி, உங்க ஊர்ல வேற யாருக்காவது இப்படி ஆச்சா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"எங்க தெருவிலயே நாலு பேருக்கு மக்களே. தங்கப்பனுக்கு ரெத்தப் பரிசோதனை இல்லன்னுட்டாங்க. நாங்க எங்க தலையெழுத்துன்னு இருந்தோம்."

"தலையெழுத்தும் இல்ல, கையெழுத்தும் இல்ல. இருங்க."

ஒருவர் புதுப்பிக்க மறந்திருக்கலாம். ஒரே ஊரில் ஐந்து பேர் சீட்டும் கையுமாக மறப்பதில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீசில் நுழைந்ததும் முதலில் சுவர்த் திரையைப் பார்த்தாள். பாறசாலை, பச்சை. எல்லாமே பச்சை. சரசம்மாவின் சீட்டைப் பற்றிப் பிஜுவிடம் சொன்னாள்.

"பச்சதானே? பின்ன எந்தா பிரச்சினை?" என்றார் பிஜு. "அவங்க புதுக்கியிருக்க மாட்டாங்க, கேட்டோ. சீட்டை யார் வேணும்னாலும் அடிக்கலாம்."

அவள் திரையை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் மூலப் பதிவுகளைத் திறந்தாள். பேக்கேஜ் ஒவ்வொன்றும் ஓடும்போது தன் அடையாள எண்ணோடு அங்கே ஒரு வரி எழுதும். சுவர்த் திரை அந்த எண்ணைத் தேடி, கடைசியாக எழுதிய வரி நல்லதா கெட்டதா என்று பார்த்து நிறம் காட்டும். விடிகாலை வரிகளை அவள் மேலிருந்து கீழாகப் படித்தாள். ஓர் எண் இரண்டு முறை வந்திருந்தது. முதல் வரியில் முறிந்தது என்று இருந்தது. சற்று நேரம் கழித்து அதே எண், நல்லபடி முடிந்தது என்று. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

ஒரே பேக்கேஜ் தினமும் ஒருமுறை செத்து ஒருமுறை பிழைக்குமா?

இரண்டு பேக்கேஜ்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள். ஒன்று பாறசாலை, மற்றது பாலராமபுரம். இரண்டுக்கும் ஒரே அடையாள எண்.

விஷயம் இதுதான். அச்சையோ அதில் வார்த்த ஒன்றையோ பிரதியெடுத்தால் அதன் அடையாள எண்ணும் சேர்ந்தே பிரதியாகும். பிரதிக்குப் புது எண் கொடுக்க ஒரு சொடுக்கு சொடுக்க வேண்டும். அதை மறந்தாலும் பேக்கேஜ் நன்றாகவே ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. பாறசாலை மையத்தில் கணினியை மாற்றியிருக்கிறார்கள். கோப்பு வேறு பெயரில் வரத் தொடங்கியிருக்கிறது. அன்றிலிருந்து பாறசாலை பேக்கேஜ் தினமும் முறிகிறது. அதற்குப் பின்னால் ஓடும் பாலராமபுரம் நல்லபடி முடிந்து அதே எண்ணில் எழுதுகிறது. திரை கடைசி வரியை மட்டும் பார்த்து இரண்டு ஊருக்கும் பச்சை காட்டுகிறது. பாறசாலைக்காரர்கள் புதுப்பித்த விவரம் எதுவும் மையக் கணினிக்கு வரவே இல்லை. அங்கே எல்லோருடைய அட்டையும் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தது.

பாறசாலை பேக்கேஜைச் செய்தவர் சுமந்த். கரமனை அக்கிரகாரத்துக்காரர், இவளைவிட மூத்தவர், நிதானமான வேலைக்காரர். இரண்டு பேக்கேஜ்களையும் அவருக்குக் காட்டினாள்.

"ஐயோ, இது நான் பண்ணினதுதான் உலகம்மா. அன்னிக்கு ஆத்துல அப்பாவுக்கு உடம்புக்கு முடியலைன்னு போன் வந்தது. அவசரத்துல பாலராமபுரத்தையே பிரதி எடுத்தேன், புது நம்பர் போட மறந்துட்டேன். பிஜுகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

"நில்லுங்க. நீங்க மறந்தீங்க, சரி. ஒருத்தர் மறந்தா இவ்வளவு பேருக்கு வைத்தியம் நிக்கும்னா, தப்பு மறதியில இல்ல. மறக்க விட்ட அச்சுல இருக்கு. அச்சு என்னுது."

"நீங்க எதுக்குத் தலையைக் குடுக்கறேள்? உங்களைத் தலைவியாப் போடப் போற நேரத்துல?"

"தலைவின்னா தலையைக் குடுக்கணும்லா."

மதியத்துக்குள் இருவரும் சேர்ந்து பாறசாலை பேக்கேஜைச் சரிசெய்து ஓட்டினார்கள். தேங்கிக் கிடந்த புதுப்பிப்புகள் மொத்தமாக ஏறின. சரசம்மாவின் அட்டைக்கு உயிர் வந்தது. இதோடு முடிந்தது என்று பலர் கைகழுவியிருப்பார்கள். பிஜுவும் அதைத்தான் விரும்பினார்.

"சரியாச்சு அல்லே? ரொம்ப நன்னாயி. இனி யாருக்கும் ஒண்ணும் சொல்லண்டா, விட்டுரு."

"இத்தனை நாளாத் திருப்பி அனுப்பப்பட்டவங்க இருக்காங்களே சேட்டா. அவங்களுக்கு அட்டைக்கு உயிர் வந்தது எப்படித் தெரியும்? அவங்க போயாச்சு. கண் முகாம் புதன்கிழமை, பேர் குடுக்கிற நாள் முடிஞ்சு போச்சு. அறக்கட்டளை கூப்பிட்டாத்தான் வருவாங்க. அறக்கட்டளை கூப்பிடணும்னா நாம சொல்லணும்."

"சொன்னா காண்ட்ராக்ட் போகும். உன் குரூப்பும் போகும். உலகம்மே, நீ புத்தியுள்ள குட்டியாணு. கொஞ்சம் ஆலோசிச்சுப் பார்."

"ஆலோசிச்சேன். அந்தக் கவுண்டர்ல இருக்கிறவன் ஒரு வயசான பொம்பளையைப் பாண்டிக்காரின்னு ஏசி அனுப்பியிருக்கான். தப்பு நம்மகிட்ட. ஏச்சு அவங்களுக்கு. இதை நாம ஒளிச்சா, அவன் சொன்னது உண்மைன்னு நாம கையெழுத்துப் போடுத மாதிரி."

"எல்லாம் பச்சயா இருந்ததே, அதான் நான் நம்பினேன்" என்றார் பிஜு, குரல் தாழ்ந்து.

"அதைத்தான் சேட்டா நானும் சொல்லுதேன். நீங்க தேங்காயை நம்பினீங்க, நான் பச்சையை நம்பினேன். ரெண்டு பேரும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கோம். யாரும் எண்ணிப் பார்க்கல."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேன்டீனுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் உலகம்மாள் அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். மழுப்பலாக ஒரு சொல் இல்லை. எந்த மையம், என்றிலிருந்து, எதனால், யாருடைய அட்டைகளெல்லாம் செத்ததாகக் காட்டப்பட்டன என்று முழு விவரம். அவர்களை இன்றே அழையுங்கள் என்ற வேண்டுகோள். பிழை நான் செய்த அச்சில் இருந்தது என்ற ஒரு வரி. சுமந்தின் பெயர் எங்கும் இல்லை.

அறக்கட்டளைக்காரர்கள் முதலில் கொதித்தார்கள். பிஜுவைத் தொலைபேசியில் வறுத்து எடுத்தார்கள். பிறகு, அவர்கள் பெயரையும் சொல்லத்தான் வேண்டும், உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார்கள். முகாமின் பட்டியலை மறுபடி திறந்தார்கள். புதன்கிழமை சரசம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிரவின்ராஜ் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

எல்லோருக்கும் அப்படி நல்லபடி முடியவில்லை. தங்கப்பன் இரத்தப் பரிசோதனை கிடைக்காத ஆத்திரத்தில் மாத்திரையையே நிறுத்தியிருந்தான். சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவனுக்கு யாரும் விரலைத் திருப்பித் தர முடியாது. உலகம்மாள் அவனைப் போய்ப் பார்த்தாள். என்ன பேசினார்கள் என்று வீட்டில்கூட அவள் சொல்லவில்லை.

நிறுவனத்துக்குக் காண்ட்ராக்ட் போகவில்லை. ஆனால் அச்சுக் குழுவுக்கு வேறொருவரைத் தலைவராகப் போட்டார்கள். காரணம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, எழுதிக் கொடுக்கவும் மாட்டார்கள். உண்மை பேசியதற்குத் தண்டனை என்று ஒரு தாளிலும் இருக்காது.

அவள் அதற்காக மூக்கைச் சிந்தவில்லை. அச்சைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்தாள். இப்போது பிரதியெடுத்த நொடியில் அதுவே தனக்குப் புது எண் எடுத்துக்கொள்கிறது. அதே எண்ணில் இன்னொன்று இருந்தால் ஓட மறுக்கிறது. அதைவிட முக்கியமாக, மையத்திலிருந்து எத்தனை பேர் விவரம் வந்தது, எத்தனை பேர் விவரம் ஏறியது என்று இரண்டையும் எண்ணி எழுதுகிறது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றாலோ, ஒன்றுமே வரவில்லையென்றாலோ, திரை சிவப்பு. பச்சை என்பது இனிமேல் நம்பிக்கை இல்லை, கணக்கு.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. அச்சைத் திருத்தினால், அதில் ஏற்கெனவே வார்த்தவை தாமாகத் திருந்தா. ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பேக்கேஜையும் கையால் திறந்து மாற்ற வேண்டியிருந்தது. திரும்பச் செய்வதையே வெறுத்த உலகம்மாள், முணுமுணுத்துக்கொண்டே அத்தனையையும் செய்தாள். சுமந்த் பக்கத்தில் உட்கார்ந்து பாதியைச் செய்தார். ஆர்ஷா, தான் செய்தவற்றைத் தானே மாற்றித் தந்தாள். இன்னும் இரண்டு மையங்களில் இதே இரட்டை எண் கிடந்தது. இரண்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் எந்தக் கேடும் நேரவில்லை, அவ்வளவுதான். பிஜு வந்து மூவருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். அவர் தேங்காய் உடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் சந்தனத்தோடு வந்ததும் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "எத்தனை வந்தது, எத்தனை ஏறியது?"

கண்ணின் கட்டை அவிழ்த்த பிறகு சரசம்மா கரமனைக்கு வந்தாள். வாசலில் நின்று வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏ மக்களே, உன் வீட்டுச் சொவரு இவ்வளவு அழுக்கா? நான் நல்ல வெள்ளைன்னுல்லா நினைச்சிருந்தேன்! ஏல பிரவினு, அக்காளுக்கு ஒரு சொவரு அடிச்சுக் குடுக்க உனக்கு நேரமில்லியா?"

"அவளே அச்சு வச்சு அடிச்சுக்குவா" என்றான் அவன்.

மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்ததும் சரசம்மா சாரத்தில் ஏறினாள். பலகை எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

தங்கப்பன் மட்டும் இன்னும் நொண்டுகிறான். அவன் கவுண்டரிலிருந்து திரும்பிய அன்று வரிசையில் அவனுக்குப் பின்னால் பலர் நின்றிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அட்டை செத்துவிட்டது என்று கணினி சொன்னதும் எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. உலகம்மாள் போன்றவர்கள் எல்லா ஆபீசிலும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும், திருப்பி அனுப்பப்பட்டவரின் குரல் அவர்கள் காதுக்கு எட்ட வேண்டும். அதனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, உங்களுக்கு முன்னால் நிற்பவரிடம் "கம்ப்யூட்டரில் இல்லை, போ" என்று சொன்னால், நீங்கள் உங்கள் முறைக்காக முண்டியடிக்காதீர்கள். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். "இவர் ஊரிலிருந்து கடைசியாக என்றைக்கு விவரம் வந்தது? எத்தனை வந்தது, எத்தனை ஏறியது?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், தெரியாது என்பதையே எழுதி வாங்குங்கள். வாங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.